சிசிலியில் செடி பார்க்க: தோட்டமா, கடலோரமா, எரிமலையா?

சிசிலிக்குச் செடி பார்க்கப் போகிறவர் முதலில் மாதத்தை முடிவு செய்துகொள்ள வேண்டும். ஊர், தோட்டம், பாதை எல்லாம் அதன் பிறகுதான். மத்தியதரைக் கடலின் மிகப் பெரிய தீவான அங்கே மழை அக்டோபரில் தொடங்கி மார்ச் வரை பெய்யும். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்றும் அநேகமாக வறண்ட மாதங்கள். அதனால் கடலோரச் செடிகளுக்குக் கோடைதான் தூங்கும் காலம். குளிர்காலத்தில் துளிர்த்து, மார்ச், ஏப்ரலில் பூத்து, மே கடைசியில் விதை உதிர்த்துக் காய்ந்துவிடும். ஐரோப்பா என்றாலே கோடையில்தான் பூக்கும் என்று நினைத்து ஆகஸ்டில் டிக்கெட் போடுகிறவர் பழுப்பேறிய புல்லையும் பாறையையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார். 2021 ஆகஸ்ட் 11 அன்று அந்தத் தீவில் பதிவான 48.8 டிகிரிதான் ஐரோப்பாவின் உச்ச வெப்பமாக உலக வானிலை அமைப்பால் ஏற்கப்பட்டிருக்கிறது. அந்த வெயிலில் நிழலில்லாத பாதையில் நடப்பது ஆபத்து.

ஆனால் தீவின் கிழக்கே 3,300 மீட்டருக்கு மேல் உயர்ந்த எட்னா எரிமலை நிற்கிறது. மதோனியே மலைத்தொடரும் 1,900 மீட்டரைத் தாண்டுகிறது. கடலோரத்தில் முடிந்துபோன வசந்தம் அங்கே ஒன்றரை, இரண்டு மாதம் கழித்துத்தான் வந்து சேரும். ஆகவே கணக்கு எளிது: மாதம் ஏற ஏற நீங்களும் மலை ஏறுங்கள். பிப்ரவரியில் அக்ரிஜெந்தோவின் வாதுமைப் பூ, ஏப்ரலில் ஜிங்காரோ கடலோரம், மே கடைசியில் மதோனியே, ஜூன் முதல் ஜூலை நடு வரை எட்னா. பலெர்மோ தோட்டம் மட்டும் எந்த மாதமும் ஏமாற்றாது. அங்கே தண்ணீர் பாய்ச்சுகிறார்கள்.

பலெர்மோ: கார் வேண்டாம், அரை நாள் போதும்

பலெர்மோ பல்கலைக்கழகத்தின் தாவரவியல் தோட்டம் 1789இல் கட்டத் தொடங்கி 1795இல் திறக்கப்பட்டது. பரப்பு ஏறத்தாழ 10 ஹெக்டேர். மத்திய ரயில் நிலையத்திலிருந்து லிங்கன் சாலை வழியாகக் கடலை நோக்கிப் பத்து, பதினைந்து நிமிடம் நடந்தால் வாசல். தரை சமம், சக்கர நாற்காலிக்கும் குழந்தை வண்டிக்கும் பெரும்பாலான பாதைகள் ஒத்துவரும். வயதான பெற்றோரோடு போகிறவர்களுக்கு இந்தப் பட்டியலிலேயே இதுதான் நல்ல இடம்.

நுழைந்ததும் எதிரே இருக்கும் கிரேக்கக் கோயில் போன்ற கட்டடத்தை வடிவமைத்தவர் லியோன் துஃபூர்னி என்ற பிரெஞ்சுக்காரர். பலரும் அங்கேயே படமெடுத்துக்கொண்டு நேரத்தைக் கழிப்பார்கள். நேராக உள்ளே போய்விடுங்கள். வெயில் ஏறுமுன் திறந்தவெளியைப் பார்த்துவிட்டு, பத்தரைக்கு மேல் மரநிழலுக்கும் கண்ணாடி வீடுகளுக்கும் வருவதுதான் சரியான வரிசை. வட்டமான நீர்த்தொட்டி ஒன்று, ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வளையங்களாக, 24 அறைகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வோர் அறையிலும் ஒரு நீர்த்தாவரம். ஜூலையில் போனால் நம் தாமரை அங்கே பூத்திருக்கும். வளையத்துக்கு வளையம் நீரின் ஆழம் மாறுவதால் எந்தச் செடிக்கு எவ்வளவு ஆழம் தேவை என்று ஒரே பார்வையில் புரிந்துவிடும். வீட்டுத் தொட்டியில் தாமரை வளர்க்க நினைப்பவர்கள் இங்கே கால் மணி நேரமாவது நிற்கலாம்.

அடுத்து அந்தப் பெரிய ஃபைகஸ். ஆஸ்திரேலியப் பகுதியைச் சேர்ந்த ஃபைகஸ் மேக்ரோஃபில்லா, 1845இல் கொண்டுவரப்பட்டது. ஆலமரம் தெரிந்த நமக்கு விழுது புதிதல்ல. ஆனால் விழுது தரையைத் தொட்ட பிறகு என்ன ஆகிறது என்று பாருங்கள். நூல் போல இறங்கிய வேர் மண்ணைப் பிடித்ததும் இழுவிசையில் விறைத்து, பிறகு தூணாகப் பருத்து, மேலே கிளையைத் தாங்குகிறது. அடிமரத்தைச் சுற்றி இடுப்பளவுக்குச் சுவர் போல எழும்பும் பலகை வேர்கள் வளைந்து வளைந்து தனித்தனி அறைகளாகவே தடுக்கின்றன. வேரின் மேல் ஏறி நின்று படமெடுக்காதீர்கள். மிதிபடும் மண் இறுகினால் மேலோட்டமான உறிஞ்சு வேர்கள் மூச்சுமுட்டிப் போகும். இவ்வளவு பெரிய மரத்துக்கும் அதுதான் பலவீனம்.

செய்பா வரிசையையும் தவறவிடக் கூடாது. நம் இலவ மரத்தின் உறவு, தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. அடிமரம் பாட்டில் போலப் பருத்து நீர் சேமிக்கும், பட்டை முழுக்கக் கூம்பு முள். செப்டம்பர், அக்டோபரில் இலைகளுக்கு முன்னால் இளஞ்சிவப்புப் பூ வந்து நிற்கும். ஆக, பலெர்மோ தோட்டத்தின் சிறந்த காலம் எது என்று கேட்டால் ஏப்ரலைவிட அக்டோபரைச் சொல்லலாம். வெயில் தணிந்திருக்கும், செய்பா பூத்திருக்கும், கள்ளிமந்தாரையும் இன்னும் பூவோடு இருக்கும். வசந்தத்தில் ஒன்றும் இலையுதிர் காலத்தில் ஒன்றுமாக சாகரா என்ற செடிச் சந்தையும் தோட்டத்துக்குள்ளேயே நடக்கிறது. சாகரா என்றால் எலுமிச்சை, ஆரஞ்சுப் பூ. சந்தை நாளில் கூட்டம் நெரியும், ஆனால் தீவு முழுவதிலிருந்தும் வரும் நாற்றுப்பண்ணைக்காரர்களிடம் பேச அதைவிட நல்ல நாள் கிடையாது.

கள்ளிமந்தாரை என்றதும் ஒன்று. அமெரிக்காவிலிருந்து வந்த அந்தச் செடியை பலெர்மோ மக்கள் பொமேலியா என்கிறார்கள், தங்கள் நகரத்தின் பூவாகவே கொண்டாடுகிறார்கள். குளிர்காலத்தில் மாடிகளைக் கவனித்தால் இலையில்லாத கிளைகளின் நுனியில் முட்டை ஓடு கவிழ்த்து வைத்திருப்பது தெரியும். அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த ஆண்டின் பூவும் இலையும் வரவேண்டிய மொட்டு அந்த நுனியில்தான் இருக்கிறது. குளிரோடு ஈரமும் சேர்ந்தால் அது அழுகிவிடும், ஆகவே ஓடு ஒரு தொப்பி.

இங்கே எவை சொதப்பும்? முதலாவது கொசு. ஜூன் முதல் அக்டோபர் வரை கொசு விரட்டி இல்லாமல் நீர்த்தொட்டிப் பக்கம் போகவே முடியாது. இரண்டாவது, கண்ணாடி வீடுகள் எல்லாமே எல்லா நாளும் திறந்திருக்காது. சீட்டு வாங்கும்போதே எவை திறந்திருக்கின்றன என்று கேட்டுவிடுங்கள். மூன்றாவது, காற்று. சகாராவிலிருந்து சிரோக்கோ வீசும் நாளில், மரக்கிளை முறியும் என்ற அச்சத்தில் பூங்காக்களை மூடுவார்கள். அதனால் பலெர்மோவை பயணத்தின் கடைசி நாளுக்கு ஒத்திப்போட வேண்டாம். நான்காவது, பெயர்ப்பலகைகள். லத்தீன் பெயர் இருக்கும், சில இடங்களில் மங்கியிருக்கும். முதலில் பலகையை ஒரு படம், பிறகு செடியை ஒரு படம் என்று பழக்கப்படுத்திக்கொண்டால் இரவில் குழப்பம் இருக்காது.

தோட்டத்திலும் நகரத்திலும் கேனரித் தீவுப் பேரீச்ச மரங்கள் பட்டுப்போன இடைவெளிகளைப் பார்ப்பீர்கள். சிசிலிக்கு 2005 வாக்கில் வந்து சேர்ந்த சிவப்புக் கூன்வண்டின் வேலை அது. நம் தென்னந்தோப்புகளைத் துளைக்கும் அதே வண்டு. வெப்பமண்டல ஆசியாவிலிருந்து கிளம்பி மத்தியதரைக் கடற்கரை முழுக்கப் பரவிவிட்டது.

பலெர்மோவில் இலங்கைத் தமிழர் கணிசமாக வாழ்கிறார்கள். அவர்களில் கத்தோலிக்கரும் சைவர்களும் மொந்தே பெல்லெக்ரினோ மலையிலுள்ள சாந்தா ரொசாலியா கோயிலுக்கு ஏறிப் போவது வழக்கம். உறவினர் வீட்டில் தங்குகிறவர்களுக்கு இது காரில்லாமல் கிடைக்கும் இரண்டாவது செடிப்பாதை. கல் பாவிய பழைய பாதை, ஏறத்தாழ 430 மீட்டர் உயரம் வரை. பாறையில் மரக்கள்ளியும் குட்டைப் பனையும் இருக்கின்றன. ஜிங்காரோவுக்குப் போக நாள் இல்லையென்றால் அதன் ஒரு துணுக்கு என்று இதை எடுத்துக்கொள்ளலாம்.

ஜிங்காரோ: ஏப்ரல் என்றால் வேறு யோசனை வேண்டாம்

சிசிலியின் முதல் இயற்கைக் காப்பகம், 1981இல் அறிவிக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டு மே 18 அன்று கடலோரச் சாலை போடுவதை எதிர்த்து ஆயிரக்கணக்கானோர் நடந்து போனார்கள். சாலை நின்றது. ஸ்கொபெல்லோ வாசலில் பாதி குடைந்து கைவிட்ட சுரங்கம் இன்னும் இருக்கிறது, நீங்கள் அதன் வழியாகத்தான் உள்ளே நுழைகிறீர்கள். தெற்கே ஸ்கொபெல்லோ, வடக்கே சான் வீத்தோ லோ கப்போ. இடையே கடலோரப் பாதை 7 கிலோமீட்டர், வண்டிச் சாலை கிடையாது. இந்த ஒரு விஷயத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஒரு வாசலில் காரை விட்டுவிட்டு மறு வாசலில் வெளியே வந்தால், திரும்ப 7 கிலோமீட்டர் நடக்க வேண்டும் அல்லது மலையைச் சுற்றி நீண்ட தூரத்துக்கு டாக்சி பிடிக்க வேண்டும். முழுப் பாதையும் போய்வர 14 கிலோமீட்டர். செடி பார்த்துக்கொண்டே நடக்கிறவர் மணிக்கு இரண்டு கிலோமீட்டருக்கு மேல் போவதில்லை. ஆகவே தெற்கு வாசலில் நுழைந்து, கப்ரேரியா, தீசா, பெரெத்தா கடற்குழிவுகள் வரை போய்த் திரும்புவதே போதும். உச்சிக்குள் நல்ல பங்கு பார்த்துவிடலாம்.

தீசா குழிவுக்குப் பெயர் தந்தது அங்கே கொத்துக் கொத்தாக நிற்கும் தீசா என்ற உயரமான புல். கட்டுக்கயிறாகவும் கூரையாகவும் பயன்பட்டது. அதன் ஊடே குட்டைப் பனை, உள்ளூரில் ஜுமாரா. விசிறி ஓலையைப் பார்த்தவுடன் நமக்கு அடையாளம் தெரியும், ஆனால் ஆள் உயரத்தைத் தாண்டுவது அரிது. ஐரோப்பாவில் தானாக வளரும் பனைகள் இரண்டே இரண்டு. ஒன்று இது, மற்றது கிரீட் தீவின் பேரீச்சை. துடைப்பம், கூடை, கயிறு எல்லாம் இதன் ஓலையில்தான் முடைந்தார்கள். காப்பகத்துக்குள்ளேயே அந்த முடைதல் வேலைக்கு ஒரு சிறு அருங்காட்சியகமும் உண்டு. 2020 ஆகஸ்டில் பெரும் தீ காப்பகத்தின் பெரும்பகுதியை எரித்தது. கருகிய அடியிலிருந்து முதலில் துளிர்ப்பது ஜுமாராவும் தீசாவும்தான், ஏனென்றால் இரண்டுக்கும் வளர்நுனி தீ எட்டாத ஆழத்தில் இருக்கிறது.

மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் வரை பாதையோரப் புல்லில் ஓஃப்ரிஸ் ஆர்க்கிட்கள். ஒரு சாண் உயரம்தான், நின்றுகொண்டு பார்த்தால் தெரியாது. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு முழங்கால் போட்டு உட்கார வேண்டும். மஞ்சள் விளிம்புள்ள ஓஃப்ரிஸ் லூட்டியாவின் கீழிதழ் பெண் தேனீயைப் போன்ற உருவும் மணமும் கொண்டது. மண்ணில் வளை தோண்டும் சிறு தேனீயின் ஆண் ஏமாந்து வந்து உட்காரும். மற்ற பல ஓஃப்ரிஸ்களில் ஆண் பூவின் உள்ளே தலை வைத்து உட்காருவதால் மகரந்தப் பொதி தலையில் ஒட்டும். லூட்டியாவில் ரோம வரிசை எதிர்த்திசையில் இருப்பதால் தலைகீழாக உட்கார்கிறது, பொதி வயிற்று நுனியில் ஒட்டுகிறது. ஒரே புல்தரையில் இரண்டு இனம் அருகருகே நின்றும் மகரந்தம் கலக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். லென்ஸில் அந்த ரோமத்தின் சாய்வு நன்றாகத் தெரியும். இதைப் பார்ப்பதற்காக மட்டுமே ஏப்ரலில் சிசிலிக்குப் போகலாம் என்று துணிந்து சொல்லலாம்.

சரிவுகளில் அரைக்கோளமாக நிற்பது மரக்கள்ளி. பிப்ரவரியிலிருந்து பச்சை மஞ்சளாகப் பூத்து, மே மாதத்தில் செந்நிறமாகி, கோடையில் இலையெல்லாம் உதிர்த்துவிடும். ஒடித்தால் வழியும் பால் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் மட்டும் ஒன்று: கட்டாந்தரையிலிருந்து இலையே இல்லாமல் ஒரு மீட்டர் உயரத்துக்கு வெள்ளைப் பூந்தண்டு எழும்பும். கடல் வெங்காயம், நம் நரிவெங்காயத்தின் இனம்.

தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர், மே முதல் மூன்று. வழியில் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். நிழல் கிடையாது. முழுநீளக் கால்சட்டை அவசியம், தீசாப் புல்லின் விளிம்பு தோலை அறுக்கும். தீ அபாயம் அதிகமான நாட்களில் காப்பகத்தை மூடிவிடுவார்கள் என்பதால் ஜூன் முதல் செப்டம்பர் வரை முந்தைய நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். பலெர்மோவிலிருந்து பஸ் வழி இருந்தாலும் குறைவு. காரோடு வருவதே நடைமுறை.

கத்தானியாவும் எட்னாவும்

கிழக்குப் பக்கத்தில் ஒப்பிட வேண்டியவை இரண்டு தோட்டங்களும் இரண்டு மூன்று பாதைகளும். கத்தானியாவின் பல்கலைக்கழகத் தோட்டம் 1858இல் பிரான்செஸ்கோ தொர்னபெனே என்ற துறவி நிறுவியது. 16,000 சதுர மீட்டர்தான், பலெர்மோவில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. கள்ளி, சதைப்பற்றுச் செடித் தொகுப்பு நன்றாக இருக்கும். ஆனால் அங்கே போகத் தகுந்த காரணம் 3,000 சதுர மீட்டர் உள்ள ஹோர்துஸ் சிக்குலுஸ் பகுதி, சிசிலியின் சொந்தச் செடிகள் மட்டும் வளர்க்கும் இடம். கத்தானியாவுக்காகத் தனியாகப் பயணம் போட வேண்டாம். எட்னாவுக்கு ஏறும் முந்தைய மாலை ஒன்றரை மணி நேரம் அங்கே பெயர்களைப் பழகிக்கொண்டால் மறுநாள் மலையில் பார்ப்பதெல்லாம் தெரிந்த முகமாக இருக்கும்.

எட்னாவின் தென்சரிவில் சுமார் 1,700 மீட்டரில் இருக்கிறது நுவோவா குஸ்ஸோனேயா என்ற தோட்டம். சிசிலியின் தாவரங்களை ஆராய்ந்த ஜொவான்னி குஸ்ஸோனேயின் பெயர் தாங்கியது. இங்கே செடிகள் தங்கள் சொந்த மண்ணிலேயே பெயர்ப்பலகையோடு நிற்கின்றன. ஆசிரியர் துணையோடு படிப்பது போல இருக்கும். அல்தோமொந்தானா காட்டுச்சாலைப் பக்கம், நடந்துதான் போக வேண்டும். நினைத்த நேரத்தில் போய்த் திறக்கச் சொல்ல முடியாது, முன்கூட்டிக் கேட்டு நாள் குறித்துக்கொள்ள வேண்டும். நாள் கிடைத்தால் கத்தானியா தோட்டத்தைவிட இதற்கே முதலிடம்.

நாள் கிடைக்காவிட்டால் மொந்தி சர்தோரியுஸ். வடகிழக்குச் சரிவில், ரிஃபூஜியோ சித்தெல்லி என்ற மலை விடுதி அருகே, காட்டுத்துறைத் தடுப்பிலிருந்து தொடங்கும் வட்டப்பாதை. இரண்டு மணி நேரம் நிதானமாக. 1865 வெடிப்பில் உண்டான கூம்புகள் பொத்தான் வைத்தது போல வரிசையாக நிற்கும். எட்னாவை வரைபடமாக்கிய சர்தோரியுஸ் ஃபொன் வால்தர்ஸ்ஹாவுசனின் பெயரைத்தான் இவற்றுக்கு வைத்தார்கள். கறுப்புச் சாம்பலில் வெள்ளைப் பட்டையோடு நிற்கும் எட்னா பிர்ச் உலகில் வேறெங்கும் தானாக வளர்வதில்லை. பனியுகத்தில் வடக்கிலிருந்து இறங்கி வந்து, வெப்பம் திரும்பியபோது இந்த மலை உயரத்தில் சிக்கித் தங்கிய இனம்.

இங்கே மண் உண்டாவதையே படிப்படியாகப் பார்க்கலாம். புதிய லாவாவின் மேல் முதலில் ஏறுவது சாம்பல் நிறப் பூச்சு போலத் தெரியும் ஸ்தெரியோகாலோன். நாம் குழம்பில் போடும் கல்பாசியின் தூரத்து உறவு. அது கல்லை அரித்துத் துளி மண் சேர்த்த பிறகு ருமெக்ஸ், சபோனாரியா என்ற சிறு செடிகள். பிறகு ஆஸ்த்ராகலுஸ், உள்ளூர்க்காரர்கள் புனித முள் என்பது இதைத்தான். தூரத்தில் மெத்தை போலத் தெரியும், கிட்டே போனால் ஒவ்வோர் இலைக்காம்பும் முள்ளாக விறைத்து நிற்கும். அதன் நடுப்பகுதியைக் கவனமாகக் குனிந்து பாருங்கள். காற்றும் ஆடும் எட்டாத அந்த முட்கூட்டுக்குள் வேறு இரண்டு மூன்று செடிகள் பத்திரமாகப் பூத்திருக்கும். சரிவில் நகர்ந்துகொண்டே இருக்கும் சாம்பலை இந்த மெத்தைகள்தான் பிடித்து நிறுத்துகின்றன. ஒரு மெத்தையின் மேல் பக்கம் மணல் தேங்கி மேடிட்டும் கீழ்ப்பக்கம் வேர் வெளியே தெரிந்தும் இருப்பதிலிருந்து அது எத்தனை காலம் நின்றிருக்கிறது என்று ஊகிக்கலாம். ஜூனில் கீழ்ச் சரிவுகள் எங்கும் எட்னா ஜெனிஸ்தா மஞ்சளாகப் பூக்கும், இலையில்லாத பச்சைக் குச்சிகளில் தேன்மணம். புதராகத் தொடங்கி மரமாகவே வளர்வது.

காரில்லாதவர்களுக்கு வழி உண்டு. கத்தானியா ரயில் நிலையத்தின் எதிரிலிருந்து காலை எட்டு மணி அளவில் 1,900 மீட்டரிலுள்ள ரிஃபூஜியோ சபியென்சாவுக்கு ஒரு பஸ், மாலை நாலரை அளவில் அதுவே திரும்பும். அதைத் தவறவிட்டால் டாக்சிக்காரர் கேட்டதுதான் விலை. அங்கிருந்து 1892இல் உண்டான சில்வெஸ்த்ரி எரிமலை வாய்கள் பக்கத்திலேயே. ஜஃபெரானா நோக்கி இறங்கும் சாலையோரம் தொடங்கும் கழுதை முதுகுப் பாதை, ஸ்கியேனா தெல்லாசினோ, ஆஸ்த்ராகலுஸ் பார்க்க நல்ல பாதை. போய்வர மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். செடிக்காக வருகிறவர்களுக்கு கேபிள் கார் செலவு வீண். அது கொண்டுபோய் விடும் 2,500 மீட்டரில் செடிகள் அருகிப்போய், அதற்கும் மேலே வெறும் சாம்பல்தான்.

கத்தானியாவில் 30 டிகிரி என்றால் இங்கே 18, காற்றடித்தால் இன்னும் குறைவாக உணரும். காற்றுத் தடுப்புச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண ஓட்டக் காலணியில் லாவாச் சரளை உள்ளே புகுந்து கால் புண்ணாகும், கணுக்கால் மூடிய காலணி வேண்டும். ஏப்ரலில் 1,700 மீட்டரில் பனி இருக்கலாம், செடி எதுவும் விழித்திருக்காது. மலை சாம்பல் உமிழும் நாளில் பாதைகளை மூடுவார்கள், கத்தானியா விமான நிலையமும் நின்றுபோகும். ஆகவே திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளை எட்னாவுக்கு வைக்காதீர்கள்.

மற்ற இரண்டு

அக்ரிஜெந்தோவின் கோயில் பள்ளத்தாக்குக்குள் இருக்கும் கொலிம்பெத்ரா தோட்டம் ஐந்து ஹெக்டேர், தனிச் சீட்டு. ஆரஞ்சு, எலுமிச்சை, வாதுமை, ஒலிவம். இங்கே பார்க்க வேண்டியது மரத்தைவிட நீர்ப்பாசனம். பாறையைக் குடைந்த பழங்காலச் சுரங்க வாய்க்காலிலிருந்து வரும் நீரை ஜெப்பியா என்ற தொட்டியில் தேக்கி, சாயா என்ற வாய்க்காலில் விட்டு, மரத்தைச் சுற்றிய பாத்திக்கு மடை திறந்து பாய்ச்சுகிறார்கள். இரண்டு சொல்லும் அரபியிலிருந்து வந்தவை, முறையும் அரபியர் கொண்டுவந்தது. தோட்ட வேலை தெரிந்தவர்கள் மண்வெட்டியால் மடை மாற்றுவதைப் பார்த்தால் நின்றுவிடுவார்கள். பிப்ரவரியில் வாதுமை, ஏப்ரலில் ஆரஞ்சுப் பூவின் மணம். படியும் சரிவும் உண்டு, முழங்கால் வலி உள்ளவர்கள் யோசிக்க வேண்டும். பலெர்மோவிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம், ஒரே நாளில் போய்த் திரும்பலாம்.

மதோனியே காரில்லாமல் முடியாது. போலித்சி ஜெனெரோசா ஊரின் எல்லையில், மதோன்னா தெல்யி ஆஞ்செலி பள்ளத்தாக்கில், நெப்ரோடி ஃபிர் மரங்கள். முதிர்ந்தவை முப்பது அளவில்தான் எஞ்சியிருக்கின்றன. அழிந்தே போனதாக நினைத்திருந்து 1957இல் மீண்டும் கண்டார்கள். அரிய மரம் என்பதால் பிரம்மாண்டமாக இருக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். காற்றில் வளைந்த நடுத்தர மரங்கள், சுற்றிலும் வேலி. வேலிக்குள் கால் வைக்காதீர்கள், தானாக முளைத்த கன்று ஒன்று மிதிபட்டாலும் இழப்பு பெரிது. கண்ணுக்கு விருந்து வேண்டுமென்றால் காஸ்தெல்புவோனோ பக்கம் பியானோ செம்ப்ரியாவிலிருந்து ஒரு மணி நேரம் நடந்து பியானோ போமோவின் ஹோலி மரங்கள். மற்ற இடங்களில் புதராக நிற்கும் இனம் இங்கே 15 மீட்டர் வரை உயர்ந்து, உள்ளே போனால் பகலிலும் மங்கலாக இருக்கும் தோப்பாகிவிட்டது. கீழ்க்கிளை இலைகளில் முள் இருக்கும், மேய்ச்சல் எட்டாத உயரத்தில் இலை விளிம்பு வழுவழுப்பு. இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஆடுமாடு மேயும் இடம், உண்ணி ஒட்டும், நடை முடிந்ததும் காலைச் சோதிக்கவும்.

ஜூலை, ஆகஸ்டில் காஸ்தெல்புவோனோவுக்கும் பொல்லினாவுக்கும் போகிறவர்களுக்கு வேறொரு காட்சி. மன்னா மரத்தின் பட்டையில் கீறல் போட்டு வழியும் இனிப்புச் சாற்றை உலரவைத்து எடுக்கிறார்கள், அடியில் தாங்குதட்டாகக் காய்ந்த சப்பாத்திக் கள்ளி மடல். ஒரு மழை பெய்தால் அன்றைய விளைச்சல் கரைந்து போகும். அதனால்தான் வறண்ட மாதங்களில் மட்டும் இந்த வேலை.

நாட்களைப் பிரிப்பது

மேற்கையும் கிழக்கையும் சேர்த்துப் பார்க்க ஆறு நாளாவது வேண்டும். பலெர்மோவிலிருந்து கத்தானியா ரயிலில் ஏறத்தாழ மூன்று மணி நேரம், கைப்பையோடு மாறினால் அரை நாள் போய்விடும். நான்கு நாளுக்குள் என்றால் ஒரு பக்கத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள்: மே நடுவுக்கு முன்னால் மேற்கு, அதன் பிறகு ஜூலை வரை கிழக்கு. ஆகஸ்டில் வேறு வழியில்லாமல் போகிறவர்கள் பலெர்மோ தோட்டத்தைக் காலை திறந்ததும் பார்த்துவிட்டு, மீதி நாளை எட்னாவின் 1,700 மீட்டருக்கு மேல் கழிக்கலாம். பூ முடிந்திருந்தாலும் பிர்ச்சும் மெத்தைச் செடியும் அங்கேயே இருக்கும்.

தோட்டங்களை மட்டும் வரிசையாகப் பார்த்து முடிப்பது சரியான தேர்வல்ல என்பதே எங்கள் உறுதியான கருத்து. தாமரையும் ஃபைகஸும் வேறு நாட்டிலும் கிடைக்கும். ஓஃப்ரிஸ் பூத்த சுண்ணாம்புச் சரிவும் கறுப்புச் சாம்பலில் பிர்ச்சும் இங்கேதான் கிடைக்கும். ஒரு தோட்டத்துக்கு ஒரு பாதை என்ற விகிதம் நல்லது: பலெர்மோவோடு ஜிங்காரோ, கத்தானியாவோடு எட்னா.

கார் எடுப்பவர்கள் இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் வாங்கிச் செல்லுங்கள், இத்தாலியில் அது சட்டத் தேவை. பலெர்மோவுக்குள் கார் வேண்டாம், நகர மையத்தின் கட்டுப்பாட்டுப் பகுதியில் கேமரா வைத்து அபராதம் போடுவார்கள். ஊரைவிட்டுக் கிளம்பும் காலையில் காரை எடுங்கள். காப்பகங்களில் விதை, கிளை, கிழங்கு எதையும் எடுக்கக் கூடாது. சந்தையில் வாங்கிய செடியையும் தாவர நலச் சான்றிதழும் இறக்குமதி அனுமதியும் இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவர முடியாது. சாகராவில் ஆசைப்பட்டு வாங்கிய நாற்று கடைசியில் விமான நிலையக் குப்பைத் தொட்டிக்குத்தான் போகும். உங்களைத் தங்கவைத்த வீட்டாருக்கு அதைக் கொடுத்துவிடுங்கள். பொமேலியாவாக இருந்தால் நவம்பரில் முட்டை ஓட்டை மறக்காமல் வைக்கச் சொல்லிவிட்டு வாருங்கள்.